ஏழு ஊரும் ஒரு கப்பலும்

மழைக்கு முந்திய பிற்பகல்களில் பினாங்குக் கடல், துவைத்துப் பிழியாமல் போட்ட வேட்டி மாதிரி சாம்பலாகக் கிடக்கும். நான் தட்டச்சுக்காரியாக இருந்த வக்கீல் ஆபீஸ் கடற்கரைக்கு அடுத்த தெருவில், மாடியில். என் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. விரல்கள் எழுத்துகளைத் தாமே தேடிக்கொள்ளப் பழகிய பிறகு கண்ணுக்கு வேலையில்லை. அது தன் பாட்டுக்கு அக்கரையில் உலாவும். அக்கரையில் பட்டர்வொர்த்துத் தென்னைகள். அவற்றுக்குப் பின்னால், வானம் தெளிந்த நாட்களில், நீலப் புகை போலக் கெடா மலை. தென்னைகள் வரை எங்கள் சட்டம். மலை நிற்பது சுல்தானின் நாட்டில். அங்கே வேறு சட்டம். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அதில் நீந்துகிற வாத்துக்கு எந்தச் சட்டம் என்று நான் யோசித்ததுண்டு.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்த காலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பாடம் அட்டவணைதான். தாளின் அகலத்தை எண்ணி, கட்டங்களுக்கு இடம் பிரித்து, எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும்படி அடித்து முடித்தால் குளித்துத் தலை துவட்டியது போல இருக்கும். அந்த சந்தோஷத்தில்தான் ஒரு தவறு செய்தேன்.

அப்போது நானும் என் அம்மாவும் குயின் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில், பின் அறைகளில் இருந்தோம். முன் அறைகளில் ஒரு கப்பல் கிராணியின் குடும்பம். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. இந்தியாவுக்குப் போகும் பயணிகளின் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி வாங்குவது அவர் வேலை. அவரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுடைய ஒரே மகள் என்னை டைப் அக்கா என்பாள். முறைப்படி சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும். "சித்தின்னா கிழவி லா" என்று, பினாங்குப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த லாவோடு, அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவளும் என்னைப் போலத்தான், பட்டியல் போடுகிற ஆள். ஒரு நோட்டு வைத்திருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் முன் ஜன்னலில் உட்கார்ந்து, கூரைகளுக்கு மேல் தெரியும் கப்பல் புகைக்கூண்டுகளை வண்ணப் பென்சிலால் வரைவாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: என்ன நிறம், எந்தத் திசை, யார் போனது. மூன்றாவது கட்டத்தில் "மளிகைக் கடை மாமா", "பள்ளிக்கூட சிஸ்டர்" என்று இருக்கும். தெரிந்தவர் யாரும் போகாத கப்பலுக்கு "யாரோ" என்று எழுதுவாள். பாதிக் கப்பல்கள் யாரோவைத்தான் ஏற்றிப் போயின.

அண்ணனுடைய வேலையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் கடிதம் ஒன்றைக் கொடுக்கப் போனபோது, உயரமான பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஒருவர் கவுண்டரில் நின்றார்.

"பையனுக்கு என்ன வயசு?"

"பத்துண்ணே."

"பத்துல மீசை வருதா உங்க ஊர்ல?"

"அது அழுக்குண்ணே."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பதினாலு என்று எழுதினார். "நடக்கிற வயசு வீட்டுக்கு, முடிஞ்ச வயசு கப்பலுக்கு" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். ஏனென்றால் நம் ஆட்கள் வயதைச் சொன்னால் அது எப்போதும் நடக்கிற வயது. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கும் ஒன்று நடக்கும். இன்னொன்றும் சொல்வார்: "காலிக் கட்டம் வச்ச காகிதம் என் மேஜையைத் தாண்டாது." தகவல் இல்லை என்றால் கோடு போட வேண்டும், கோடும் இல்லாத கட்டம் அவருக்குச் சொத்தைப் பல் மாதிரி, நாக்கு அங்கேயே போகும்.

இந்தியாவில் பெண்களின் கல்யாண வயதைப் பற்றிய புதிய சட்டம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்துக் கொடியில் காய்ந்த சேலையை மறுபடி உதறிப் போட்டார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"உங்க ஆபீஸ்ல சட்டப் புஸ்தகம் இருக்குல்ல, தங்கச்சி?"

"அலமாரி நிறைய இருக்கு."

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண எத்தனை வயசு ஆகணும்னு அதுல போட்டிருக்குமா?"

நாகப்பட்டினத்திலிருந்து அண்ணனுடைய மூத்த சகோதரியின் கடிதம் வந்திருந்தது. தாயில்லாத அண்ணனை வளர்த்தது அந்தச் சகோதரிதான். பெண் பிறந்த அன்றே "என் மருமகள் பிறந்துவிட்டாள்" என்று எழுதியவர். இப்போது உடம்பு சரியில்லை, கண் மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளைக்கு இருபத்துநாலு. இவளுக்குப் பதினாலு நடந்துகொண்டிருந்தது.

"அவருக்கும் மனசில்லை, தங்கச்சி. ஆனா தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை எழுத மாட்டாரு. சர்க்கார் கூடாதுன்னு சொல்லிடுச்சுன்னா, பழியை சர்க்கார் மேல போட்டுட்டு எழுதிடுவாரு. பதினாலு ஆகணும்னு கேள்விப்பட்டேன். நடந்தா போதுமா, முடியணுமா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

அதை மட்டும். ஒரே வரியில் பதில் இருந்தது: முடிய வேண்டும். மறுநாள் மதியமே புத்தகத்தில் பார்த்துவிட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அதை அடித்துக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் பதினாலு என்றால் இலங்கையில் எத்தனை? இலங்கைப் புத்தகத்தை எடுத்தேன். அங்கே பன்னிரண்டு, ஐரோப்பியர் மகளோ, அவர்கள் வழிவந்த கலப்பினப் பறங்கியர் மகளோ என்றால் மட்டும் பதினாலு. ஒரே தீவில் அப்பாவின் நிறத்தைப் பொறுத்து இரண்டு வருடம் கூடுகிறது. எங்கள் பினாங்கில்? இந்துக்களின் கல்யாணத்துக்கு வழக்கம்தான் சட்டம், எண் எதுவும் கிடைக்கவில்லை. கல்யாண வயதைத் தவிர, தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது என்று இன்னொன்று இருந்தது. அதுவும் எல்லை தாண்டினால் மாறியது. மூன்று நாள் மதிய இடைவேளையில், ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நான் ஊர் ஊராகப் போனேன். வெளியே மழை. புத்தகங்களில் கற்பூரமும் ஈரமும் கலந்த மணம். மலாக்கா ஜலசந்தியில் மிதந்துகொண்டு, கரையிறங்கும் இடத்திலெல்லாம் ஒரே பெண்ணுக்கு வேறு வேறு வயது ஆவதைப் பார்ப்பது போல இருந்தது.

எங்கள் வக்கீல் யாழ்ப்பாணத்தார், ஆமாம் என்பதற்கு ஓம் என்பார். என் மேஜையில் குவிந்த புத்தகங்களைப் பார்த்து நின்றார்.

"பிள்ளை, எந்த வழக்குக்கு இது?"

"வழக்கு இல்லை ஐயா, தெரிஞ்சுக்கலாம்னு. இந்தச் சம்மத வயதுன்னா என்னங்க ஐயா? அந்த வயசுல சம்மதிக்கணும்னா?"

"இல்லை. அந்த வயதுக்குக் கீழ இருக்கிற பிள்ளை ஓம் எண்டு சொன்னாலும் அது ஓம் இல்லை. வளர்ந்தவன் எவனும் 'அவள் சம்மதிச்சவள்' எண்டு கோர்ட்டில வந்து சொல்ல ஏலாது. அவ்வளவுதான் அந்த எண்."

"ஊருக்கு ஊர் ஏன் வேற வேறயா இருக்கு?"

"ஒவ்வொரு ஊரிலயும் ஒவ்வொரு ஆக்கள் கூடியிருந்து எழுதினவை. ஒரு இடத்திலயாவது பெண் ஒருத்தியைக் கேட்டு எழுதினதாய் நான் அறியேல்லை." கண்ணாடியைத் துடைத்தபடி, "அதை டைப் பண்ணாதையும்" என்றார்.

நான் அடித்த அட்டவணை அழகாக வந்தது. ஏழு வரிசைகள்: பினாங்கு, கெடா, கூட்டு மலாய் நாடுகள், பிரிட்டிஷ் இந்தியா, புதுக்கோட்டை, காரைக்கால், இலங்கை. ஐந்து கட்டங்கள்: ஊர், யார் ஆட்சி, கல்யாண வயது, சம்மத வயது, குறிப்பு. புதுக்கோட்டை ராஜாவின் நாடு. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களுடையது. அந்த இரண்டு ஊர்களின் புத்தகமும் எங்கள் அலமாரியில் இல்லாததால், எண்ணுக்குப் பதில் கோடு போட்டு, குறிப்பில் "பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் இங்கே செல்லாது" என்று சேர்த்தேன். அது உண்மை. உண்மையை விடாமல் சேர்ப்பதுதான் நல்ல அட்டவணை என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அன்று மாலை அக்கா அதை அண்ணனிடம் கொடுத்தபோது நானும் இருந்தேன். அவர் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கியதுமே முகம் மலர்ந்தது. நேர்த்தியான கட்டங்களைப் பார்த்த கிராணியின் முகம்.

"அருமையா பண்ணியிருக்கே தங்கச்சி. எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இப்படி வராது."

கப்பல் வரும் நாட்களின் அட்டவணையைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியாவில் விரல் நின்றது. அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். "முடியணுமா" என்றார். பிறகு விரல் இறங்கியது. புதுக்கோட்டை. காரைக்கால்.

"இங்கே கோடு போட்டிருக்கே?"

"அங்கே பிரெஞ்சு ஆட்சிண்ணே. இந்தச் சட்டம் செல்லாது."

"செல்லாதா." விரல் காரைக்காலிலேயே இருந்தது. பிறகு, யாருக்கோ வழி சொல்வது போல, "காலையில நாகப்பட்டினத்துல இறங்கி பஸ்ஸைப் புடிச்சா மத்தியானச் சாப்பாடு காரைக்கால்ல. எங்க அக்காவும் அங்கேயே வந்துடலாம்" என்றார்.

அவர் குரலில் ஆசை இல்லை. ஒரு பயணிக்கு இணைப்புக் கப்பல் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. அட்டவணையின் நகல் ஒன்று அடுத்த தபாலில் நாகப்பட்டினம் போனது. என் கோடுகள், என் கட்டங்கள், என் குறிப்பு. பதில் தந்தியில் வந்தது: காரைக்கால் சம்மதம், அடுத்த மாதக் கப்பலில் வரவும்.

அக்கா வழக்கம் போல வெள்ளிக்கிழமை சுண்டல் கொடுத்தனுப்பினார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஒரு வரிதானே கேட்டேன்" என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நினைவில் ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மழை, கப்பல் சங்கொலி, புகை. எது முன்னால் எது பின்னால் என்று பிரிக்க முடியவில்லை. நான் சட்டப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். ஒன்றிலும் அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்து போகிற வரி இல்லை. வக்கீலைக் கேட்டேன். "தகப்பன் கையைப் பிடிச்சுக் கொண்டு ஏறுற பிள்ளையை எந்தத் துறைமுகத்தில மறிக்கிறது?" என்றார். எல்லாச் சட்டமும் அந்தந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தது. அவள் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகப் போகிறாள்.

ஒரு மாலை அவள் ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள். மடியில் நோட்டு. பக்கத்தில் என் அட்டவணை.

"டைப் அக்கா, நம்ம சட்டம் கடல்ல எந்த இடத்துல முடியுது?"

"கரையிலிருந்து மூணு மைல்ன்னு சொல்வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கப்பலோட கொடி எந்த நாடோ அந்தச் சட்டம்."

யோசித்தாள். பிறகு அட்டவணையில் நாலாவது கட்டத்தைப் பென்சிலால் தொட்டாள். "சம்மதம்னு போட்டிருக்கே. யார் சம்மதம்?"

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அந்த வயதுக்குக் கீழே இருப்பவள் சரி என்று சொன்னாலும் அது கணக்கில் வராது, அவளைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"சரின்னா கணக்குல வராது. வேணாம்னு சொன்னா?"

ஏழு வரிசை, ஐந்து கட்டம், முப்பத்தைந்து இடம். அதில் அவள் வேண்டாம் என்று சொன்னால் எழுத ஓர் இடம் இல்லை.

அவள் என்னைத் தேற்றுவது போல, "பரவாயில்லை லா, சும்மா கேட்டேன்" என்றாள். பென்சிலைச் சீவப் போய்விட்டாள். நோட்டில் அடுத்த மாதக் கப்பலின் புகைக்கூண்டை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தாள். யார் போனது என்ற கட்டம் எழுதப்படாமல் இருந்தது.

அவள் கேட்டது மறுநாள் முழுக்கத் தட்டச்சின் சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மைலுக்கு அப்புறம் கப்பல். கப்பலில் யார் எந்த வயது என்று எழுதுவது யார்? அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. நான் ஒரு ஊரை விட்டுவிட்டேன்.

அண்ணனுடைய கப்பல் படிவங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதினாலு முடியாதவர்களை அந்தக் கம்பெனி தனிப் பக்கத்தில், குழந்தைகள் என்ற தலைப்பில், கூட வருகிற பெரியவர் பெயரோடு எழுதச் சொன்னது. பழைய அட்டவணையை முழுதாக மறுபடி அடித்தேன். ஏழு வரிசைகளுக்குக் கீழே எட்டாவதாக: கப்பல். ஆட்சி: கம்பெனி விதி. வயது: பதினாலு முடியாதவர் குழந்தை. குறிப்பு: எழுதுபவர் கிராணி. சம்மதம் என்ற கட்டத்தில் எண்ணும் போடவில்லை, கோடும் போடவில்லை. காலியாக விட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்தே விட்ட ஒரே காலிக் கட்டம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மேஜையில் தம் குடும்பத்துக்கான படிவத்தைத் திறந்து வைத்திருந்தார். மையில் தம் பெயரையும் மனைவி பெயரையும் எழுதி முடித்திருந்தார்.

"அண்ணே, போன காகிதத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. என் தப்பு. சரி பண்ணிக் கொண்டுவந்திருக்கேன்."

"உனக்குமா விட்டுப்போகும்?" என்று சிரித்தபடி வாங்கினார். விரல் இறங்கியது, ஏழைத் தாண்டியது, நின்றது. சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. எதிரே திறந்திருந்த படிவத்தைப் பார்த்தார். இடது பக்கம் பெரியவர்கள், வலது பக்கம் குழந்தைகள். பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். இத்தனை வருடமாக யாருக்கும் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத கை அது. வலது பக்கத்துக்குப் போய், மகளின் பெயரை எழுதியது. அருகே பதின்மூன்று என்று எழுதியது. பிறகு அப்படியே நின்றது.

அடுக்களை வாசலில் அக்கா கரண்டியோடு நின்றார். கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர் கோப்பையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இது ஏன் காலியா இருக்கு?" என்றார் அண்ணன், என் காகிதத்தைப் பார்த்தபடி.

"எனக்குத் தகவல் இல்லைண்ணே."

"கோடு போட வேண்டியதுதானே?"

"தகவல் இருக்குண்ணே. எனக்குத்தான் தெரியாது. கேட்டு எழுதணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நோட்டோடு வந்து நின்றாள்.

"இந்தக் கட்டத்துல என்ன எழுதட்டும்?"

அவள் அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அகலம் போதுமா என்று பார்ப்பது போலிருந்தது.

"வேணாம்பா."

"அத்தை வருத்தப்படுமே."

"அத்தையைப் பார்க்க வரேன்பா. கல்யாணத்துக்கு வேணாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணன் பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில், பென்சிலில் இல்லை, மையில், "வேண்டாம்" என்று எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் போல் சாய்வாக, தெளிவாக இருந்தது. படிவத்தில் மனைவி பெயரின் மேலும் மகள் பெயரின் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தார்.

"கடிதத்துல எழுதினா அக்காவுக்குப் புரியாது" என்றார். "இவளைக் கூட்டிட்டுப் போனா விட மாட்டாங்க. நான் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்." என் பக்கம் திரும்பி, "அங்கே போய் நிற்கையில இந்தக் காகிதத்தைக் காட்டுவேன். உன்னைத்தான் திட்டுவாங்க, சரியா?" என்றார்.

"சரிண்ணே."

திட்டினார்களாம். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு வசவாக நினைவுபடுத்திச் சொன்னார். எண்ணியபோது ஒன்பது வந்தது. அந்த மாப்பிள்ளைக்கு அடுத்த தையில் உள்ளூரிலேயே ஒரு பெண் அமைந்தது. அவளுக்கு வயது என்ன என்று நான் கேட்டேன். அண்ணனுக்குத் தெரியவில்லை. அது இன்னும் எனக்குள் ஒரு காலிக் கட்டமாகவே இருக்கிறது.

கப்பல் புறப்பட்ட நாளில் மழை இல்லை. அக்காவும் மகளும் நானும் முன் ஜன்னலில் நின்றோம். கூரைகளுக்கு மேல், கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை போட்ட புகைக்கூண்டு மெல்ல வடக்கே நகர்ந்தது. கெடா மலை அன்று மிகவும் தெளிவாக இருந்தது. அவள் பென்சிலை முகவாயில் வைத்துக்கொண்டு, கண்ணாலேயே மூன்று மைலை அளக்க முயன்றாள். இப்போதா, இன்னும் இல்லையா, இப்போதா என்று முணுமுணுத்தாள். கப்பல் புகையாகி, புகை வானமான பிறகு நோட்டைத் திறந்தாள். நிறம் ஏற்கனவே இருந்தது. திசையை எழுதினாள். யார் போனது என்ற கட்டத்தில், "அப்பா மட்டும்" என்று எழுதினாள்.